கடையில் வாங்கிய தூண்டில் கோலை அவிழ்த்துக் கட்டுவது: அடிமட்டத் தூண்டிலுக்கு ஓர் ஆரம்பப் பாடம்

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் வளர்ந்தவர்களுக்கு மூங்கில் கழியைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. துவைத்த துணியைக் கழியில் மாட்டி, சமையலறைச் சன்னல் வழியே வெளியே நீட்டி, சுவரில் பதித்திருக்கும் குழாயில் அடிப்பக்கத்தைச் செருக வேண்டும். அம்மா எப்போதும் கைக்குட்டை, பனியன் எல்லாவற்றையும் நுனியில் மாட்டுவார். அப்பாவின் ஜீன்ஸ் கைப்பக்கத்தில்தான் தொங்கும். எட்டு வயதில் ஒருநாள் நானே வீரமாக ஜீன்ஸை நுனியில் மாட்டிக் கழியைத் தூக்கினேன். நுனி சரசரவென்று கீழே சாய்ந்தது. அம்மா ஓடிவந்து பிடிக்காமல் இருந்திருந்தால் ஒன்பதாவது மாடியிலிருந்து கழியும் துணியும் போயிருக்கும், கூடவே நானும்.

தூண்டில் கோலைப் பற்றிப் பேச உட்கார்ந்துவிட்டு எதற்கு இந்தக் கழிக்கதை என்றால், இரண்டும் ஒரே கணக்கு என்பதால்தான். ஜீன்ஸின் எடை மாறவில்லை. அது கையிலிருந்து எவ்வளவு தூரத்தில் தொங்கியது என்பதுதான் மாறியது. கனமான அடிமட்டத் தூண்டிலுக்கு ஒரு கோலை மாற்றிக் கட்டும் வேலையில் பாதி, இந்தத் தூரத்தோடு மல்லுக்கட்டுவது.

முதலில் அடிமட்டத் தூண்டில் என்றால் என்ன? ஈயக்குண்டைக் கடலடியில் உட்காரவைத்து, இரையைத் தரையிலோ அதற்குச் சற்று மேலோ நிறுத்திக் காத்திருப்பது. இங்கே 'பாட்டம்' என்றால் எல்லாருக்கும் புரியும். ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் உள்ள பிடோக் படகுத்துறை கடலுக்குள் 250 மீட்டர் நீண்டு போகிறது. வார இறுதி இரவுகளில் அதன் முனையில் நிற்க இடம் கிடைக்காது. அங்கே நிற்பவர்களில் பலர் காத்திருப்பது பாரிக்காக, அதாவது நம்ம திருக்கைக்காக. படகில் தென் தீவுகள் பக்கம் போனால் கெராப்பு என்கிற களவா, ஈக்கான் மேரா என்கிற சிவப்பு மீன், அதிர்ஷ்டம் இருந்தால் காலா. திருக்கை தரையோடு ஒட்டிப் படுத்துக்கொண்டால் ஈரச் சாக்கைச் சேற்றிலிருந்து பிடுங்குவது போலிருக்கும். களவாவோ, கடித்த மறுநொடி பாறை இடுக்கைப் பார்த்து ஓடும். முதல் இரண்டு மூன்று மீட்டரில் அதை நிறுத்தவில்லை என்றால் மீனும் இல்லை, முள்ளும் இல்லை.

இதோடு நீரோட்டமும் சேர்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் இங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நீர்மட்டம் கிட்டத்தட்ட 3 மீட்டர் மாறும். அவ்வளவு தண்ணீரும் தீவுகளுக்கு நடுவே இருக்கிற சந்துகளில் புகுந்து போக வேண்டும் அல்லவா? அப்போது 100 கிராம் ஈயம் தரையில் நிற்காமல் பட்டம் போலப் பறக்கும். 200, 250 கிராம் போட்டால்தான் நிற்கும். அஷ்டமியை ஒட்டிய நாள்களில் ஓட்டம் தணியும். அப்போது இளைத்த ஈயமே போதும். பஞ்சாங்கம் பார்த்து மீன் பிடிக்கப் போகும் ஆள் என்று என்னைக் கேலி செய்பவர்களுக்கு இதுதான் பதில்.

சரி, கடைக் கோலுக்கு வருவோம். என்னிடம் இருந்தது 7 அடி நீளமுள்ள ஒற்றைத் துண்டுக் கோல், கோலுக்குக் கீழே தொங்கி நரம்பைச் சுற்றிக்கொள்ளும் ஸ்பின்னிங் ரீலுக்கானது. நரம்பு என்றால் தூண்டில் இழை. அடிப்பக்கத்தில் அச்சடித்திருந்தது: நரம்பு 20 முதல் 40 பவுண்டு, வீச்சு எடை 60 முதல் 150 கிராம். இந்த இரண்டு எண்களும் இரண்டு வேறு விஷயங்களைச் சொல்கின்றன, ஆரம்பத்தில் பலர் இதில்தான் குழம்புகிறார்கள். வீச்சு எடை பெரும்பாலும் நுனியைப் பற்றியது. அதற்கு மேல் ஈயம் தொங்கினால் நுனி ஏற்கெனவே வளைந்து கிடக்கும், மீன் கொத்துவது தெரியாது. நரம்பின் பவுண்டு கணக்கு முழுக் கோலையும், குறிப்பாக அடிப்பாதியைப் பற்றியது. 40 பவுண்டு என்றால் சுமார் 18 கிலோ. ஆனால் 18 கிலோ இழுவையில் இந்தக் கோலை வளைக்கலாம் என்று பொருள் இல்லை. ரீலின் டிராக்கை, அதாவது மீன் இழுத்தால் நரம்பு வழுக்கி ஓட விடும் அந்தப் பிடியை, நரம்பின் பலத்தில் நாலில் ஒன்றிலிருந்து மூன்றில் ஒன்றுக்குள் வைப்பது வழக்கம். ஆக, உச்சத்தில் 6 கிலோ.

6 கிலோதானே என்று தோன்றும். 5 கிலோ அரிசிப் பையைவிட ஒரு கிலோ அதிகம், அவ்வளவுதானே? இங்கேதான் மூங்கில் கழி திரும்பி வருகிறது.

கோலின் அடிமுனை இடுப்பு பெல்ட்டில் ஊன்றி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். நுனி அங்கிருந்து கிடைமட்டமாக 1.5 மீட்டர் முன்னால் இருக்கிறது. மீன் நேர் கீழே 6 கிலோ இழுக்கிறது. 6 பெருக்கல் 1.5, 9. உங்கள் மேல்கை பெல்ட்டிலிருந்து 40 செ.மீ. தூரத்தில் பிடித்திருந்தால் அந்தக் கை தாங்க வேண்டியது 9 வகுத்தல் 0.4, அதாவது 22.5 கிலோ. அதே கையை 60 செ.மீ.க்கு நகர்த்தினால் 15 கிலோ. கோல் இன்னும் நன்றாக வளைந்து நுனி 1 மீட்டர் தூரத்துக்கு வந்துவிட்டால் வெறும் 10 கிலோ. மீனுக்கு எல்லா நேரத்திலும் எதிர்ப்பு அதே 6 கிலோதான்.

கோல் என்பது மீனைத் தூக்க நமக்குக் கிடைத்த நெம்புகோல் என்று நினைக்கிறோம். உண்மையில் அது நம்மைத் தூக்க மீனுக்குக் கிடைத்த நெம்புகோல். நீண்ட பக்கம் மீனிடம் இருக்கிறது, குட்டைப் பக்கம் நம் கையில். இதை உணர்ந்தபிறகு கோலில் எதை மாற்றலாம் என்பது தானாகவே தெரியும்: நீண்ட பக்கத்தைச் சற்றுக் குறைக்கலாம், குட்டைப் பக்கத்தை நீட்டலாம். படகுத்துறையில் 'விறைப்பான கோல்தான் வேண்டும்' என்று அடம்பிடிப்பவர்களிடம் நான் வாக்குவாதம் செய்வதில்லை. அவர்கள் முதுகே ஒருநாள் சொல்லும்.

எது மாறாது?

கோலின் உள்ளே இருக்கிற குழாய்த் தண்டை 'பிளாங்க்' என்பார்கள். அதன் மேல் இருக்கிற, நரம்பு நுழைந்து போகும் வளையம், பிடி, ரீல் உட்காரும் 'ரீல் சீட்' எல்லாவற்றையும் மாற்றலாம். தண்டை மாற்ற முடியாது. அது கண்ணாடி இழையா, கார்பன் இழையா, எவ்வளவு தடிமன் என்பதெல்லாம் ஆலையிலேயே முடிவான விதி.

கார்பனுக்கு விறைப்பு அதிகம். சாதாரணக் கார்பன் இழையின் விறைப்பு எண் 230 கிகாபாஸ்கல் அளவில் இருக்கும், கண்ணாடி இழைக்கு 70 சொச்சம். அட்டையில் '24 டன் கார்பன்' என்று போட்டிருப்பது கோல் 24 டன் தூக்கும் என்பதல்ல. ஒரு சதுர மில்லிமீட்டருக்கு இத்தனை டன் என்ற கணக்கில் அதே விறைப்பு எண்தான் அது. ஆனால் உடைவதற்கு முன் எவ்வளவு நீளும் என்று பார்த்தால் கதை தலைகீழ். கார்பன் இழை 2 சதவீதத்துக்குள்ளேயே அறுந்துவிடும், கண்ணாடி இழை 4 சதவீதத்துக்கு மேலும் தாங்கும். அதனால்தான் படகின் கைப்பிடிச் சுவரில் தட்டுப்பட்டாலும், கீழே விழுந்து யாராவது மிதித்தாலும் கண்ணாடிக் கோல் பிழைத்துக்கொள்கிறது. ஆரம்பத்தில் அவிழ்த்துக் கட்டிப் பழக, கண்ணாடி இழை கலந்த கோலையே எடுங்கள் என்பேன். கார்பனில் கத்தி லேசாகப் பட்டாலும் அந்தக் கீறலிலிருந்து ஒருநாள் முறியும்.

தண்டில் செய்யக்கூடிய ஒரே அறுவை சிகிச்சை, நுனியை வெட்டுவது. மெல்லிய குழாயின் விறைப்பு அதன் விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தோடு ஏறும். சுவரின் தடிமன் அதேதான் என்றால், விட்டம் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்கு. கோல் நுனியிலிருந்து அடிக்குப் போகப் போகப் பருக்கிறது. எனவே நுனியில் 15 செ.மீ. போனாலே மிச்சம் இருக்கிற நுனி கணிசமாக விறைத்துவிடும். என் கோலில் அப்படி வெட்டிய பிறகு 250 கிராம் ஈயம் தொங்கவிட்டாலும் நுனி அளவாகத்தான் தலைகுனிந்தது. மாறாக, அடிப்பக்கத்தை வெட்டிக் குட்டையாக்கினால் இருப்பதிலேயே பலமான பகுதியைத் தூக்கி எறிந்தவர் ஆவீர்கள்.

வெட்டும் இடத்தில் மாஸ்கிங் டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றி, மெல்லிய பல் வைத்த ரம்பத்தால் கோலை உருட்டி உருட்டி அறுக்க வேண்டும். ஒரே பக்கமாக அறுத்தால் கடைசியில் இழை சிலும்பிக் கிழியும். முகக்கவசம் கட்டாயம். கார்பன் தூள் கண்ணுக்குத் தெரியாது, நுரையீரலுக்குத் தெரியும்.

ஆனால் நினைவிருக்கட்டும்: நுனியை வெட்டியதால் அடிப்பாதி பலம் கூடிவிடவில்லை. 7 அடியில் அரை அடி போனதால் நெம்பும் தூரம் ஏழு சதவீதம் குறைந்தது, அவ்வளவுதான். 10 பவுண்டுக் கோலை வெட்டி 40 பவுண்டுக் கோலாக்க முடியாது. அடிப்பாதி ஏற்கெனவே போதிய பலத்தோடு இருக்கிற கோலைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டு துண்டுக் கோல்களைத் தவிர்த்துவிடுங்கள், இணைப்பு இருக்கும் இடம் மற்ற இடங்களைப் போல வளையாது. ஒற்றைத் துண்டைப் பெருவிரைவு ரயிலில் கொண்டுபோவது ஒரு தனிக் கலை. மின்தூக்கியில் மூலைவிட்டமாக நிறுத்தினால் போதும்.

அவிழ்ப்பது

பழைய வளையங்களைக் கழற்றும்போது கத்தி எப்போதும் வளையத்தின் கால்மேல்தான் ஓட வேண்டும், தண்டின்மேல் ஓடவே கூடாது. கால் என்றால், தண்டோடு படிந்து நூலுக்கு அடியில் போகிற அந்த உலோகத் தகடு. முடி உலர்த்தும் கருவியால் மேல்பூச்சைச் சூடாக்கினால் ரப்பர் போல இளகும். காலின் முதுகில் கீறி, நகத்தால் உரித்தால் வாழை நாரைப் போலப் பிரிந்து வரும். நெருப்பைக் காட்டாதீர்கள். தண்டும் பிசினால் ஆனதுதான், பூச்சு இளகும் சூட்டுக்குச் சற்று மேலே போனால் தண்டும் கெட்டுப்போகும். நுனி வளையத்தை மட்டும், அதன் உலோகக் குழாயின் மீது லைட்டரை ஓரிரு நொடி காட்டி, இடுக்கியால் முறுக்காமல் நேராக இழுக்கலாம்.

பஞ்சுப்பிடியை நீளவாக்கில் கீறி உரித்துவிடலாம், அதை மீட்டெடுக்க முயலுவது வீண். ரீல் சீட்டை இரண்டு பக்கமும் அறுத்துப் பிளக்க வேண்டியிருந்தது. பிளந்து பார்த்தால் உள்ளே தண்டுக்கும் சீட்டுக்கும் இடையே இருந்த இடைவெளியில் காகித டேப் சுருள்கள் இரண்டு, அவற்றுக்கு நடுவே வெறும் காற்று. பசை கொஞ்சம்தான். கோல் அழுத்தத்தில் 'கிர்ர் கிர்ர்' என்று முனகிக்கொண்டிருந்தது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. லேசான கோலுக்கு அது போதும். உப்புத் தண்ணீர் உள்ளே புகுந்து காகிதம் ஊறிப்போனால் நடுப் போராட்டத்தில் ரீல் சீட் தண்டைச் சுற்றித் திரும்ப ஆரம்பிக்கும். அதுவும் எனக்கு நடந்திருக்கிறது.

குடமும் வாளியும்

அடிமட்டத்துக்கு நான் மாற்றிக்கொண்டது கோலின் மேலே உட்காரும் உருளை ரீல். கனமான ஈயத்தை நேர் கீழே இறக்கி ஏற்ற ஸ்பின்னிங் ரீலைவிட இது சுகம். ஆனால் ஒரு புதுச் சிக்கலைக் கூட்டி வரும். ஸ்பின்னிங் கோலில் வளையங்கள் தண்டுக்குக் கீழே தொங்குகின்றன, நரம்பும் கீழே. மீன் இழுத்தால் கோல் அப்படியே வளையும். மேல் ரீல் கோலில் வளையங்கள் தண்டின் முதுகில் நிற்கின்றன. மீன் கீழே இழுக்க, நரம்பு எப்படியாவது கீழ்ப்பக்கம் போய்விடத் துடிக்கும். கோல் உங்கள் கையில் புரளப் பார்க்கும்.

தண்ணீர்க் குடத்தைத் தலைமேல் வைத்துக்கொண்டு நடப்பதற்கும் வாளியைக் கையில் தொங்கவிட்டு நடப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. குடம் கொஞ்சம் சாய்ந்தால் மேலும் சாயும். வாளி எவ்வளவு ஆடினாலும் தானே நேராகும். ஐந்து நிமிடம் குடத்தைச் சமாளிக்கலாம். அரைமணி நேரம் ஒரு திருக்கையோடு சமாளித்துப் பாருங்கள், மறுநாள் மணிக்கட்டு பேசும்.

இதற்கு ஒரு அழகான தீர்வு உண்டு: சுருள் கட்டு. ரீலுக்கு அருகில் இருக்கும் முதல் வளையத்தை முதுகிலேயே வைத்து, அடுத்தடுத்த வளையங்களைத் தண்டைச் சுற்றிப் படிப்படியாகக் கீழே இறக்குவது. மேலே இருப்பதைப் பூஜ்யம் பாகை என்றால், அடுத்தது 60, அதற்கடுத்தது 120, பிறகு நுனிவரை எல்லாம் 180, நேர் கீழே. நரம்பு சுழல்படிக்கட்டு மாதிரி பக்கவாட்டில் இறங்கிக் கீழ்ப்பக்கம் போய்விடும். கோலின் பெரும்பகுதி வாளியாகிவிடும், குடம் கைப்பக்கத்தில் ஒரு சாண் மட்டும். முதல் முறை பார்ப்பவர்கள் 'கோல் கோணிப்போச்சே அங்கிள்' என்பார்கள். எடுத்துக் கையில் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

தண்டின் 'ஸ்பைன்' என்ற ஒன்றைப் பற்றியும் நிறையப் பேசுவார்கள். தண்டைச் சுருட்டிச் செய்யும்போது ஒரு பக்கம் இழை சற்றுக் கூடுதலாகச் சேர்ந்துவிடும்; வளைத்து உருட்டினால் ஒரு நிலையில் போய்த் துள்ளி நிற்கும். அதைக் கண்டுபிடித்து வளையங்களை அந்தக் கோட்டில் வைத்தால் கோல் புரளாது என்பது ஐதீகம். என் அனுபவத்தில், வளையம் மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதற்கு முன்னால் ஸ்பைன் ஒரு பொருட்டே இல்லை. தண்டு லேசாக வளைந்திருந்தால் அந்த வளைவைச் சரியான பக்கம் திருப்பிவைத்துவிட்டு மேலே போய்க்கொண்டே இருங்கள்.

எத்தனை வளையம்? என் கோலில் ஆலை வைத்தது நுனியோடு சேர்த்து 6. கோல் முழுதாக வளையும்போது நரம்பு மொத்தம் 90 பாகை திரும்புகிறது என்றால் ஒவ்வொரு வளையத்திலும் சராசரியாக 15 பாகை. 6 கிலோ இழுவையில் ஒவ்வொன்றும் தண்டை ஒன்றரைக் கிலோ அழுத்தும். 9 வளையமானால் ஆளுக்கு 10 பாகை, ஒரு கிலோ. சுமையைப் பகிர்ந்துகொள்ள ஆள் கூடினால் எவருக்கும் முதுகு ஒடியாது. அதற்காக 14 வளையம் வைத்தால் நுனி கனத்துக் கோல் சோம்பலாகிவிடும். 7 அடிக்குள் 8, 9 என்பது நியாயம்.

ஒற்றைக்கால் வளையங்களை விட்டு இரட்டைக்கால் வளையங்களுக்கு மாறுங்கள். வளையத்தின் சட்டகம் 316 வகை துருப்பிடிக்கா எஃகாக இருந்தால் நம் உப்புக்காற்றுக்குத் தாங்கும். உள்ளே இருக்கும் வளையத்துக்குச் சிலிக்கான் கார்பைடு நல்லது, பின்னிச் செய்த பிரெய்டு நரம்பு மலிவான உலோகத்தில் ரம்பம் மாதிரி பள்ளம் போட்டுவிடும். பழைய வளையத்தில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க, காது குடையும் பஞ்சுக்குச்சியை உள்ளே ஒரு சுற்று விடுங்கள். பஞ்சு சிக்கினால் வளையம் குப்பைக்கு.

இடைவெளியை முன்கூட்டிக் கணக்குப் போட்டு வைக்கலாம், ஆனால் தீர்ப்பு சொல்வது தண்டுதான். வளையங்களை டேப்பால் தற்காலிகமாக ஒட்டி, நரம்பை எல்லாவற்றிலும் கோத்து, கோலை வளைத்துப் பாருங்கள். ஊருக்குப் போகும்போது பெட்டி எடை பார்க்கிற கைத்தராசு நம் வீடுகளில் எப்படியும் ஒன்று இருக்கும். அதை அசையாத எதிலாவது கட்டி, கொக்கியில் நரம்பை மாட்டி, 2 கிலோ, 4 கிலோ, 6 கிலோ என்று மெதுவாக ஏற்றுங்கள். நரம்பு இரண்டு வளையங்களுக்கு நடுவே தண்டின் வளைவை ஒட்டிப் போக வேண்டும். எங்கேயாவது நேர்க்கோடு போட்டுக் குறுக்கே வெட்டிப் போனால் அங்கே இடைவெளி அதிகம். வளையத்தைச் சற்று நகர்த்துங்கள். பக்கத்தில் குழந்தைகள் வேண்டாம், கண்ணாடி அணியுங்கள், கோலைக் கிடைமட்டத்திலிருந்து 60 பாகைக்கு மேல் நிமிர்த்தாதீர்கள். நிமிர்த்த நிமிர்த்த வளைவு அடியை விட்டு மெல்லிய நுனியில் போய்க் குவியும். படகுத்துறைகளில் உடையும் கோல்களில் பெரும்பாலானவை மீனால் உடைந்தவை அல்ல. மீன் கீழே, நேர் செங்குத்தாகத் தொங்கிக்கொண்டிருக்கும்போது கோலை வானத்தைப் பார்க்கத் தூக்கியதால் உடைந்தவை. அந்த வேலைக்குக் கயிறு கட்டிய வலை இருக்கிறது.

இந்த டேப் ஒட்டுகிற வேலைக்கு நான் இரண்டு மாலைகள் செலவழித்தேன். மற்ற எல்லாவற்றையும் சேர்த்தாலும் இவ்வளவு கற்றுக்கொண்டிருக்க மாட்டேன்.

கட்டுவது

தேக்காவில் பூக்கடைகளைக் கடக்கும்போது கட்டுபவர்களின் விரல்களைக் கவனித்திருப்பீர்கள். நூல் எப்போதும் இழுப்பில் இருக்கும், ஆனால் காம்பு நசுங்காது. வளையம் கட்டுவதற்கும் அந்தக் கைதான் வேண்டும். கட்டி முடித்த பிறகும் கட்டைவிரலால் தள்ளினால் வளையம் மயிரிழை நகர வேண்டும். அப்போதுதான் நேர்க்கோட்டைச் சரிசெய்ய முடியும். இரும்புப் பிடியாகக் கட்டினால் கால் தண்டுக்குள் பதிந்து, வளையும்போது அந்த இடத்திலேயே வெட்டும்.

அதற்காகவே கனமான கோல்களில் இரட்டைக் கட்டு போடுகிறார்கள். முதலில் வெறும் தண்டின்மேல் ஓர் அடுக்கு நூல், அதன்மேல் வளையம், அதற்கு மேல் இன்னோர் அடுக்கு. அடியில் இருப்பது மெத்தை. வளையக் காலின் முனையையும் அரத்தால் தேய்த்துச் சரிவாக்கிவிடுங்கள், நூல் தண்டிலிருந்து காலின்மேல் படி ஏறாமல் சரிவில் ஏறும். நைலான் நூலில் 'ஏ' மெல்லியது, 'டி' தடித்தது. ஆரம்பிப்பவர் 'டி'யை எடுத்தால் கண்ணுக்கும் சுலபம், கனத்த கோலுக்கும் பொருத்தம். தொடங்கும்போது நூல் தன் வாலைத் தானே மிதித்துச் சுற்ற வேண்டும். முடிப்பதற்குப் பத்துச் சுற்று முன்பே ஒரு நூல் கண்ணியைக் கட்டுக்கு அடியில் வைத்துச் சுற்றிவிட்டு, கடைசி முனையை அதில் நுழைத்து இழுத்தால் முடிச்சே இல்லாமல் உள்ளே மறைந்துவிடும்.

மேலே பூசும் எபாக்சி இரண்டு திரவங்கள், சம அளவு. கண்மதிப்பு இங்கே செல்லாது. ஊசி இல்லாத இரண்டு சிரிஞ்சுகளால் அளந்து, மூன்று நான்கு நிமிடம் மெதுவாகக் கலக்கி, அலுமினியத் தாளின்மேல் பரப்பி ஊற்றுங்கள். கிண்ணத்தில் குவித்து வைத்தால் தன் சூட்டிலேயே சீக்கிரம் இறுகும். பரப்பினால் குமிழ்களும் வெளியேறும். பூசியபின் கோல் சில மணி நேரம் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பூச்சு ஒரு பக்கமாகத் தொங்கி உறையும். மெதுவாகச் சுழலும் மோட்டார் இருந்தால் பாக்கியம். இல்லாதவர் ஒரு படம் போட்டுவிட்டு, சில நிமிடத்துக்கு ஒருமுறை அரைச்சுற்றுத் திருப்பிக்கொண்டே பார்க்கலாம். நான் அப்படித்தான் செய்தேன். படத்தின் முடிவு இன்னும் எனக்குத் தெரியாது.

நம் ஊர்ப் புழுக்கம் எபாக்சிக்கு எதிரி. மழை பெய்து ஓய்ந்த சாயங்காலம், சன்னலைத் திறந்துவைத்துப் பூசிய என் முதல் கோலின் மேல் மறுநாள் எண்ணெய் படிந்த மாதிரி மங்கலான பிசுபிசுப்பு. காற்றின் ஈரத்தோடு கெட்டிப்படுத்தும் திரவம் கலந்து உண்டாக்கும் படலம் அது. ஏர்கான் அறையில் பூசி அங்கேயே காயவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. படுக்கையறையில் எபாக்சி வாசமா என்ற கேள்விக்கு அவரவர் வீட்டில் அவரவர்தான் பதில் தயார் செய்துகொள்ள வேண்டும். ஒரே தடித்த பூச்சைவிட மெல்லிய இரண்டு பூச்சு மேல். தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காகத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள், ஒரு வாரம் விடுங்கள்.

கைப்பக்கத்தில் மூன்று மாற்றம். ரீல் சீட்டுக்கு முன்னால் உள்ள பிடியை நீட்டினேன். மேல்கை 60 செ.மீ.க்குப் போகும் கணக்கு நினைவிருக்கிறதல்லவா? சீட்டுக்கு அடியில் காகிதத்துக்குப் பதில் கண்ணாடி இழை நாடாவை எபாக்சியில் தோய்த்துச் சுற்றி, இடைவெளி இல்லாமல் நிரப்பினேன். அடிமுனையில் 'கிம்பல்' என்கிற, சிலுவை வடிவப் பள்ளம் வைத்த உலோகத் தொப்பி. பெல்ட்டில் இருக்கும் கம்பி அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்துகொண்டால் கோல் திரும்பாது.

திரும்பாது என்பதால்தான் கிம்பலை ஒட்டும்போது ரீலோடு ஒரே கோட்டில் இருக்கிறதா என்று பத்துமுறை பார்க்க வேண்டும். நான் ஒருமுறை பார்த்தேன். பசை இறுகிய பிறகு ரீலைப் பொருத்தி, பெல்ட்டில் வைத்தால் ரீல் வலப்பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறது. அறுத்தெடுத்து இன்னொன்று வாங்க வேண்டியதாயிற்று. ரீல் சீட் முதலில், அதை வைத்துக் கிம்பல், இரண்டையும் வைத்து வளையங்கள்: இந்த வரிசையில் போனால் ஒன்றைப் பார்த்து ஒன்றைச் சரிசெய்யலாம். நுனி வளையத்தை மட்டும் சூட்டில் உருகும் பசையால் ஒட்டுங்கள். நாளைக்கு அது உடைந்தால் லைட்டர் காட்டிக் கழற்றலாம். எபாக்சி போட்டால் நுனியோடுதான் வரும்.

செலவு? நல்ல வளையங்களும் கிம்பலும் வாங்கிய பிறகு கணக்குப் பார்த்தால், கூடக் கொஞ்சம் வெள்ளி போட்டுப் புதுப் படகுக்கோலே வாங்கியிருக்கலாம் என்று தோன்றும். பெரும்பாலும் அது உண்மைதான். மிச்சம் பிடிக்க நினைப்பவர் இதில் இறங்க வேண்டாம். கையிலிருக்கும் கோலின் அடிப்பாதி உங்களுக்குப் பிடித்திருந்து, மற்றதெல்லாம் பிடிக்காமல் இருந்தால் இறங்கலாம்.

கடலடியில் முள் பாறையில் சிக்கினால் புதுக் கோல் என்ற தெம்பில் வளைத்துப் பிடுங்காதீர்கள். கோலை நரம்பின் திசையிலேயே நேராக நீட்டி, கையுறை போட்ட கையால் நரம்பை ஒரு மரத்துண்டில் சுற்றிக்கொண்டு பின்னால் நடங்கள். வானம் கறுத்தால் கோலைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்குங்கள். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும், நம் ஊர் மின்னலுக்குப் பஞ்சமே இல்லை.

கடைசிப் பூச்சுக்கு முன்னால் ஒரு சின்ன வேலை. பழைய பிடியை உரிக்கும்போதே ஆலை அச்சடித்த எண்களும் போயிருந்தன. கோல் இனி எதைத் தாங்கும் என்று யாராவது எழுதிவைக்க வேண்டும், இரவல் வாங்கிப் போகும் மச்சானுக்காகவாவது. வெள்ளைப் பெயின்ட் பேனாவை எடுத்து ரீல் சீட்டுக்கு மேலே எழுதினேன்: ஈயம் 250 கிராம், டிராக் 6 கிலோ. முதல் எண் புதியது. இரண்டாவது, கைத்தராசில் எத்தனைமுறை வளைத்துப் பார்த்தும், பழையதேதான்.